மஞ்சள் கயிறு கட்டிய பென்டிரைவ்

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இந்த டைரியின் முதல் பக்கத்தில் எம்.பி. இளவளவன் கைகூப்பிக்கொண்டு நிற்கிறான். பொங்கலுக்கு வீட்டுக்கு வீடு கொடுத்தது. ஐந்தாவது வரை படித்தவளுக்கு எழுத என்ன இருக்கிறது என்று ஏழு மாதமாகத் தொடாமல் வைத்திருந்தேன். இன்று எழுத விஷயம் இருக்கிறது. என் மகன் தவசி எடுத்த படம் வருகிற வெள்ளிக்கிழமை தியேட்டருக்கு வருகிறது. பெயர் 'கடைசி கேட்'. ரயில்வே கேட்டில் வேலை பார்க்கும் ஒருவனின் கதை. ஏழு வருடம் இதற்காக அலைந்தான். தலைமுடி பாதி போய்விட்டது.

இன்று குலதெய்வம் சோணைச்சாமி கோயிலில் பூசை போட்டோம். என் வீட்டுக்காரர் ஜெயக்கொடி, எங்கள் ஊர் செல்லம் டாக்கீஸில் படம் ஓட்டுகிற ஆபரேட்டராக இருந்தவர். படப்பெட்டி பஸ்ஸில் வந்து இறங்கினால் தேங்காய் உடைத்துச் சூடம் காட்டாமல் திறக்க மாட்டார். இப்போது பெட்டியே கிடையாதாம். படம் வானத்து வழியாகத் தியேட்டருக்கு வந்து சேருமாம். அப்படியானால் சூடத்தை எதற்குக் காட்டுவது? கண்ணில் படுகிற மாதிரி ஏதாவது கொண்டு வா, சாமி காலில் வைக்க வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

"வெறும் பென்டிரைவ் ஒண்ணு தர்றேம்மா, வெச்சுக்க. உள்ள படம் இருக்கா இல்லையான்னு சாமி என்ன திறந்தா பாக்கப் போகுது?" என்றான் தவசி.

"உங்கப்பா காலிப் பெட்டிக்காடா சூடம் காட்டுனாரு?" என்று கேட்டேன்.

மதுரையில் எடிட்டிங் ரூம் வைத்திருக்கும் மெர்லின் என்கிற பெண்ணிடம் சொல்லி முழுப் படத்தையும் அதில் ஏற்றி வாங்கி வந்தான். பூசாரி அதன் ஓட்டையில் மஞ்சள் கயிறு கோத்து, குங்குமம் தடவி, சாமி காலில் வைத்தார். தவசி கடாவெட்டுக்குக்கூட நிற்காமல் சென்னைக்குப் பஸ் ஏறிவிட்டான்.

எம்.பி.யும் நாங்களும் ஒரே சாமி கும்பிடுகிற பங்காளிகள். அவன் வரவில்லை. அவன் பெண்டாட்டி கனகவல்லி வெள்ளைக் காரில் வந்தாள். சாமி முன் படைத்ததில் பங்காளிக்கு ஒரு பங்கு உண்டு. கை நீட்டிய பங்காளியை வெறும் கையோடு அனுப்புவது எங்கள் வழக்கத்தில் இல்லை. தேங்காய் மூடி, திருநீறு, கறி ஒரு தூக்கு, எல்லாம் கொடுத்து அனுப்பினேன்.

அவள் கல்யாணத்தில் எனக்கு இரண்டாம் பந்தியில் இலை போட்டார்கள். அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

தவசி போனில் கேட்டான், பென்டிரைவ் பத்திரமா என்று. சாமி அறையில் குங்குமச் செப்பில் இருக்கிறது என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 20, புதன்

கோயிலுக்குக் கொண்டுபோன அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. எம்.பி. வீட்டுக்குப் போன் போட்டேன். அம்மா குளிக்கிறார்கள் என்று வேலைக்காரி சொன்னாள். மத்தியானம் மறுபடி போட்டேன். அப்போதும் குளிக்கிறாளாம்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலைக் காட்சிக்குப் புதுப் பட்டுச்சேலை கட்டிப் போனேன். நூற்றுப் பத்துப் பேராவது இருந்தார்கள். படத்தில் என் மகன் பெயர் வந்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். பின்னால் இருந்தவன் "உக்காருத்தா, மறைக்குது" என்றான். இடைவேளையில் முறுக்கு வாங்க வெளியே வந்தேன். வாசலில் பூ விற்கிற செல்லத்தாயி என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, உம் மகன் படந்தானே? கடைசியில அந்தக் கேட்டுக்காரன் கேட்டை மூடாமயே நின்னுர்றானே, ஏங்க்கா அப்பிடி? எனக்கு அழுகையா வந்துருச்சு."

"நீ எப்பிடி பார்த்த? முதக் காட்சியே இன்னும் முடியலயே."

"நேத்தே பாத்துட்டேன்க்கா. எம் மருமக போன்ல வந்துச்சு. தெருவே பாத்துச்சு."

அவள் பொய் சொல்லவில்லை. நல்ல மனசோடுதான் சொன்னாள். என் தலையில் வைக்க ஒரு முழம் பூ கிள்ளிக் கொடுத்தாள். நான் திரும்ப உள்ளே போகவில்லை. என் மகன் எடுத்த படத்தின் முடிவை நான் இன்னும் பார்க்கவில்லை. பூக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மாலைக் காட்சிக்குப் பதினாறு பேர்தானாம்.

ஆகஸ்ட் 23, சனி

என் நாத்தனார் மகன் ரத்தினம் பஸ் ஸ்டாண்டில் மொபைல் கடை வைத்திருக்கிறான். பாட்டு ஏற்றுகிறேன், படம் ஏற்றுகிறேன் என்று வெளியே போர்டு தொங்குகிறது. அவன் அம்மா என் வளைகாப்புக்கு வராமல் தலைவலி என்று சொல்லி விட்டவள். நாற்பத்தாறு வருடம் ஆகிறது, அந்தத் தலைவலி இன்னும் எனக்குத் தீரவில்லை. இந்தக் குடும்பம்தான் என்று நேரே கடைக்குப் போய் நின்றேன்.

"ஏண்டா, சொந்த மாமன் மகன் வயித்துலயே அடிச்சிட்டியா?"

கடையில் நின்ற நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ரத்தினம் ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"உக்காருங்கத்தை. நேத்துலருந்து நாப்பது பேரு இந்தப் படத்தைக் கேட்டு வந்தாங்க. எங்க மச்சான் படம், தியேட்டர்ல போய்ப் பாருங்கன்னு திருப்பி அனுப்பிட்டேன். அந்தா நிக்கிறாரு பாருங்க, அவருகிட்ட கேளுங்க."

நின்றவர் தலையை ஆட்டினார். "திட்டித்தான் விட்டாப்ல" என்றார்.

பிறகு ரத்தினம் தன் போனில் படத்தைக் காட்டினான். மேல் மூலையில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. தியேட்டரில் நான் பார்த்தபோது அவை இல்லை.

"இது தியேட்டர்ல கேமரா வெச்சு எடுத்தது இல்லத்தை. எடிட்டிங் ரூம் காப்பி. வேலை நடக்கும்போது மட்டுந்தான் இப்பிடி நம்பர் ஓடும். உள்ளாளு யாரோ வெளிய விட்டிருக்காங்க."

அவன் வாங்கிக் கொடுத்த டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன். இந்த ஒரு விஷயத்தில் அவன் மேல் தப்பில்லை. வளைகாப்பு விஷயம் வேறு.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தவசி வந்துவிட்டான். குளிக்கவில்லை, சாப்பிடவில்லை. போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். ஒரு இணையதளத்திலிருந்து படத்தை எடுக்கச் சொன்னால் இன்னொன்றில் முளைக்கிறதாம். வியாழக்கிழமையோடு எல்லாத் தியேட்டரிலும் தூக்கிவிடுவார்கள் என்றான்.

டி.வி.யில் எம்.பி. இளவளவன் பேசினான். பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்த டெல்லியில் ஒரு குழு போட்டிருக்கிறார்களாம், அதில் இவனும் இருக்கிறானாம். 'கடைசி கேட்' படத்துக்கு நடந்த அநியாயத்தைச் சபையில் எழுப்புவானாம். எழுப்பட்டும்.

எனக்கு இந்தப் பேச்சு புதிதில்லை. எண்பத்து நாலாம் வருடம் பங்குனியில் வீடியோ கேசட் வந்து செல்லம் டாக்கீஸ் காலியானபோது, அன்றைய எம்.எல்.ஏ. ஆபரேட்டர் அறைக்கே ஏறி வந்து என் வீட்டுக்காரர் தோளில் கை போட்டு, "சட்டம் வருது ஜெயக்கொடி" என்றான். ஊதா நிறச் சட்டை போட்டிருந்தான். அடுத்த மாதம் அவன் மகள் சடங்கு வீட்டில் விடிய விடிய கேசட்டில் படம் ஓட்டினார்கள். பிறகு சி.டி. வந்தது. அப்போது வேறு கட்சிக்காரன் ஒருவன், திருட்டு சி.டி.யை ரோட்டில் கொட்டி ரோடு ரோலரை ஏற்றி போட்டோ எடுத்துக்கொண்டான். கூட்டம் கலைந்ததும் உடையாததை அவன் ஆட்களே பொறுக்கிக்கொண்டு போனார்கள். நான் கண்ணால் பார்த்தேன். டாக்கீஸை மூடிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் கடைசி ஒன்பது வருடம் கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேனாக இருந்து செத்தார். சட்டம் வருகிறது, வருகிறது என்று ஒவ்வொருவனும் சொன்ன தேதி எனக்குத் தெரியும்.

எனக்கு மறதி கிடையாது.

சாப்பிட உட்கார்ந்தபோது தவசி சொன்னான். "எண்ணு ஓடுற காப்பி உலகத்துலயே ரெண்டுதாம்மா இருக்கு. ஒண்ணு மெர்லின்கிட்ட, ஒண்ணு உன் குங்குமச் செப்புல. அவமேல புகார் குடுத்துட்டேன்."

அவனுக்கு ரசம் ஊற்றினேன். தட்டுக்கு வெளியே கொஞ்சம் போய்விட்டது.

ஆகஸ்ட் 25, திங்கள்

மெர்லின் வீட்டுக்கு வந்தாள். முப்பது வயது இருக்கும். கண்ணாடி போட்ட, எலும்பும் தோலுமான பெண். தவசி வக்கீலைப் பார்க்கப் போன நேரம். வாசலிலேயே நின்றாள். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை.

"அம்மா, எட்டு மாசம் ராப்பகலா இந்தப் படத்தை நான் வெட்டி ஒட்டினேன். இத வெளிய விட்டு எனக்கு என்ன கிடைக்கப் போகுது? இப்ப ரெண்டு கம்பெனி போன் பண்ணி, குடுத்த வேலையைத் திருப்பி அனுப்புங்கன்னு சொல்லிட்டாங்க."

"அத எங்கிட்ட ஏன் சொல்ற?"

"அந்தப் பென்டிரைவை ஒரு தடவ காட்டுவீங்களா? அது இங்கயே இருந்துச்சுன்னா நான் பேசாமப் போயிர்றேன்."

சாமி அறைக்கு வேற்று ஆள் வரக்கூடாது என்றேன்.

"நான் உள்ள வரலம்மா. நீங்க எடுத்துட்டு வந்து காட்டுங்க."

தீட்டு என்று சொல்லிவிட்டேன். எழுபத்தோரு வயதில் எனக்கு என்ன தீட்டு என்று அவள் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு சைபர் கிரைம் ஸ்டேஷனில் ஆஜராகச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான் கொடுக்கவும் இல்லை.

எம்.பி. வீட்டுக்கு மூன்று தடவை போன் போட்டேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

கனகவல்லி கிடைத்தாள். "அதுவாக்கா? இங்கதான் எங்கயாவது கெடக்கும். தேடச் சொல்றேன்" என்றாள்.

ஆகஸ்ட் 27, புதன்

எழுத ஒன்றுமில்லை. சாமி அறையைக் கழுவி விட்டேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

மதுரையில் ஒரு மண்டபத்தில் திருட்டுப் பட ஒழிப்புக் கூட்டம். எம்.பி.தான் தலைமை. ஊர் ஆட்களைக் கூட்டிப்போகக் கட்சிக்காரர்கள் ஒரு பஸ் ஏற்பாடு செய்திருந்தார்கள். படம் எடுத்தவனின் தாயார் கட்டாயம் வர வேண்டும் என்று எம்.பி.யே சொல்லி அனுப்பினான். கனகவல்லியை நேரில் பிடிக்கலாம் என்று நானும் ஏறினேன். மரியாதையாக முன் சீட்டில் உட்கார வைத்தார்கள். தவசி வரவில்லை.

பஸ் கிளம்பியதும் டிரைவருக்குப் பின்னால் இருக்கிற டி.வி.யைப் போட்டார்கள். ரயில் சத்தம் கேட்டது. ஒரு கேட், ஒரு பச்சைக் கொடி. மேல் மூலையில் எண்கள் ஓடின.

பஸ்ஸில் நாற்பது பேர். எல்லோர் சட்டையிலும் 'திருட்டைத் தடுப்போம்' என்று அட்டை குத்தியிருந்தது. எல்லோரும் படம் பார்த்தார்கள். பின் சீட்டில் ஒருவன், "கேட்டுக்காரன் பெண்டாட்டி இப்ப வருவா பாரு" என்று பக்கத்தில் இருப்பவனுக்குக் கதை சொன்னான். எனக்குக் கத்தத் தோன்றவில்லை. டி.வி.க்குக் கீழே, ஓட்டையில் செருகியிருந்த பென்டிரைவிலிருந்து ஒரு மஞ்சள் கயிறு தொங்கி, பஸ் குலுங்கும்போதெல்லாம் ஆடிக்கொண்டிருந்தது. பூசாரி தடவிய குங்குமம் காய்ந்து கறுத்திருந்தது.

"தம்பி, இது ஏது?" என்று டிரைவரைக் கேட்டேன்.

"எம்.பி. வீட்டு டிரைவர் குடுத்தாருத்தா. அவுக வீட்ல பாத்து முடிச்சிட்டாகளாம். பத்து நாளா நம்ம வண்டியில இதுதான் ஓடுது. பாதிப் பேரு இதுலருந்துதான் ஏத்திட்டுப் போனாங்க." நல்ல பிள்ளை. சந்தோஷமாகச் சொன்னான். "நல்ல படம்த்தா. பாத்துட்டீங்களா?"

திருமங்கலத்தில் டீக்கு நிறுத்தினார்கள். எல்லோரும் இறங்கியதும் எழுந்து அதைப் பிடுங்கினேன். கேட்டுக்காரன் முகம் பாதியில் அணைந்தது. மடியில் செருகிக்கொண்டேன்.

கூட்டத்துக்கும் போனேன். எம்.பி. என்னை மேடைக்குக் கூப்பிட்டு, "மதினி, உங்க கண்ணீருக்கு நான் பதில் வாங்கித் தர்றேன்" என்று சால்வை போட்டான். நான் அழவே இல்லை. பிறகு மைக்கில் பேசினான். புதுச் சட்டத்தில், இணையத்தில் போட்டவனை மட்டும் பிடித்தால் போதாதாம். முதல் பிரதியை வெளியே விட்டவர் யாராக இருந்தாலும், பெற்ற தாயாகவே இருந்தாலும், உள்ளே போட வேண்டுமாம். ஜனங்கள் கைதட்டினார்கள். எனக்குப் பக்கத்து நாற்காலியில் கனகவல்லி உட்கார்ந்திருந்தாள். அவளும் தட்டினாள். அவன் முகத்தைப் பார்த்தேன். அவனுக்குத் தெரியாது. தன் வீட்டில் ஓடியது எங்கிருந்து வந்தது என்றுகூடக் கேட்காமல் உட்கார்ந்து பார்த்திருக்கிறான்.

மடியில் பென்டிரைவ், தோளில் சால்வை. அப்படியே பஸ்ஸில் திரும்பி வந்தேன்.

அதே நாள், விளக்கேற்றிய பிறகு

பென்டிரைவைக் குங்குமச் செப்பில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் தவசி வந்து, வக்கீல் கேட்கிறார், எடு என்றான். செப்போடு கொண்டுவந்து நீட்டினேன். அவன் பார்த்தான். கயிறு இருந்தது, குங்குமம் இருந்தது.

"இது இங்கயேதான் இருக்கு. அப்ப மெர்லின்தான்" என்றான். உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். "நம்பி இருந்தேம்மா அவளை."

பென்டிரைவைச் செப்பிலேயே விட்டுவிட்டு அவன் மாடிக்குப் போய்விட்டான். இப்போது எழுதுகிறேன். பதினேழாம் தேதி நான் இந்த டைரியில் பொய் எழுதவில்லை. ஆனால் ஒன்றை விட்டுவிட்டேன்.

கனகவல்லி தூக்கை வாங்கிக்கொண்ட பிறகு சாமி காலைப் பார்த்து, "அது என்னக்கா மஞ்சக் கயிறு கட்டி?" என்றாள். சொன்னேன். "இவுக பாத்தாகன்னா டெல்லியில நாலு வார்த்தை பேச வசதியா இருக்கும். சும்மா ரெண்டு நாள் எங்க வீட்ல இருக்கட்டும்க்கா" என்று கை நீட்டினாள். சாமி முன் வைத்ததைப் பங்காளி கேட்கிறாள். நான் அதற்காக மட்டும் கொடுக்கவில்லை. இரண்டாம் பந்தியில் எனக்கு இலை போட்ட வீட்டுக்காரி என் மகன் சமாச்சாரத்துக்காகக் கை நீட்டி நிற்கிறாள் என்று என் நெஞ்சு நிறைந்துவிட்டது. சூடம் அணைவதற்கு முன்பே எடுத்து அவள் கையில் வைத்தேன்.

வேண்டாம், வெறும் பென்டிரைவ் போதும் என்றுதான் தவசி சொன்னான்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஒன்பது மணிக்கே தவசியோடு ஸ்டேஷனுக்குப் போனேன். நீ எதற்கு என்றான். மெர்லின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மடியிலிருந்து பென்டிரைவை எடுத்து, அங்கே புகார் எழுதிக்கொண்டிருந்த போலீஸ் ரைட்டர் மேஜையில் வைத்தேன்.

"ஐயா, இந்தப் பொண்ணு இல்ல. நான் குடுத்தது" என்று ஆரம்பித்து, கோயிலில் தொடங்கி பஸ் வரைக்கும் சொன்னேன். மெர்லின் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். தவசி சுவரைப் பார்த்து நின்றான். நடுவில் ஒரே ஒரு தடவை, "நேத்து செப்பை நீட்டுனியேம்மா" என்றான். ஆமாம் என்றேன்.

எம்.பி. பெயர் வந்ததும் ரைட்டர் பேனாவை வைத்துவிட்டார்.

"பாட்டி, 'ஒரு பிரமுகர் வீடு'ன்னு போட்டுக்கிருவமா?"

"அவன் பேரு இளவளவன். அவன் பெண்டாட்டி கனகவல்லி. வண்டி வெள்ளை வண்டி. அப்படியே போடுங்க."

"உங்க பேரும் சேர்ந்துதான் மாட்டும்."

"மாட்டட்டும்."

சாட்சி ஏதாவது உண்டா என்று கேட்டார். இந்த டைரியைக் கொடுத்தேன். தேதி தேதியாகப் படித்தார். மெர்லின் வீட்டுக்கு வந்த திங்கட்கிழமைப் பக்கத்தில் நிமிர்ந்து மெர்லினை ஒரு தடவை பார்த்தார். ஜெராக்ஸ் போட வேண்டும் என்றார். முதல் பக்கத்திலிருந்து போடுங்கள் என்றேன். எம்.பி. கைகூப்பியபடி மிஷினுக்குள் போய் வெளியே வந்தான், பின்னாலேயே இன்னொரு தடவையும் வந்தான்.

"எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணு சும்மா இருக்கட்டும் பாட்டி."

சும்மா இருக்கட்டும் என்ற வார்த்தையை நான் ஒரு தடவை நம்பியாயிற்று. இரண்டாவது பிரதியை வாங்கி, மிஷின் பக்கத்திலேயே நின்று, பக்கம் பக்கமாக வரவரக் கிழித்துப் போட்டேன்.

வெளியே வந்ததும் மெர்லின், "தண்ணி குடிக்கிறீங்களாம்மா?" என்று பாட்டிலை நீட்டினாள். நான் அவளுக்குக் கொடுக்காத தண்ணீர். வாங்கிக் குடித்தேன். தவசி அவளிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "இப்ப வேணாம் சார்" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிப் போனாள்.

நேற்றோடு எல்லாத் தியேட்டரிலும் படத்தை எடுத்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 30, சனி

தவசி என்னோடு பேசவில்லை. சோறு வைத்தேன், சாப்பிட்டான். தட்டைத் தானே கழுவி வைத்தான். ஒரு நாள் சரியாகிவிடும் என்று ரத்தினம் வந்து சொன்னான். ஆகாது. அவன் ஜெயக்கொடி மகன் மட்டும் இல்லை, என் மகனும்கூட. தேதி, கிழமை, குங்குமச் செப்பை நான் எந்தக் கையால் நீட்டினேன் என்பது வரைக்கும் அவனுக்கு ஞாபகம் இருக்கும்.